சும்மாதான் மச்சி!

காதுல விழுந்த உடனே உங்களுக்கு எரிச்சல் வர்ற வார்த்தை எது? கேன்டீன் டேபிள்ல இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை ஓடும். ஆளுக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க.

முதலிடம் எப்பவும் 'ஆக்சுவலா'வுக்குத்தான். "ஆக்சுவலா நான் சாப்ட்டேன்." சாப்பிட்டதுல என்னங்க ஆக்சுவல்? அடுத்த இடம் 'பேசிக்கலி'க்கு. வைவாவில் கேள்வி முடியறதுக்குள்ள 'பேசிக்கலி...' என்று ஆரம்பிக்கிறவருக்கு பேசிக்கே தெரியாது என்பது எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுவான விதி. இங்கிலீஷ் பக்கம் போகாதவர்களுக்கு இருக்கவே இருக்கு 'வந்து'. "அது வந்து சார்... நான் வந்து... நேத்து வந்து... வரல சார்." வந்தாரா, வரலையா? கடைசி வரைக்கும் தெரியாது!

லீவ் லெட்டர் தனி உலகம். ஊர்த் திருவிழாவில் கரகாட்டம் பார்த்துவிட்டு வந்தவரும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றுதான் எழுதுவார். பள்ளிக்கூடத்தில் பிடித்த அந்த ஜுரம், டிகிரி வாங்கற வரைக்கும் இறங்காது. ஆபீஸ் பக்கம் போனால் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. என்ன நீட், என்ன ஃபுல் என்று எழுதினவருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. ஆனாலும் ஃபைல் நகரும். 'மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணிட்டாங்க' என்றால் சில இங்கிலீஷ் மேடங்களுக்கு முகம் சுருங்கும். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்பார்கள். மன்னிக்கணும் மேடம், நம்ம ஊர்க்காரர்கள் பேசிப் பேசியே அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ள ஏத்தியாச்சு.

இந்தப் பக்கம் தமிழ் ஐயாக்களின் கோபம், 'பண்ணு' மேல. வெயிட் பண்ணு, கால் பண்ணு, டெலீட் பண்ணு, ஃபீல் பண்ணாதே... 'பண்ணித் தமிழ்' என்று இரண்டு அர்த்தம் வர்ற மாதிரி திட்டுவார்கள். எனக்கென்னவோ இந்தக் கோபம் கொஞ்சம் ஓவர் என்று படுகிறது. 'வெயிட்டினான்', 'காலினாள்' என்று தமிழில் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வர்ற வினைச்சொல்லுக்கு நம்ம காலமும் பாலும் எண்ணும் நேரடியா ஒட்டாது. அதனால நடுவுல 'பண்ணு' என்று ஒரு சுமைதூக்கியை நிறுத்தி, 'பண்ணினான், பண்ணுவாள், பண்ணாதீங்க' என்று எல்லா மூட்டையையும் அவன் தலையில் ஏற்றிவிட்டோம். 'பண்ணு' சுத்தமான தமிழ்தான் பாஸ். நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தலாமே என்றால், ஒத்துக்கிறேன். 'காத்திரு' ஒன்றும் வாயில் நுழையாத வார்த்தை இல்லை. ஆனா 'வெயிட் பண்ணு' என்று சொன்னதால் யாருக்கும் தூக்கம் போனதில்லை.

ஆக, இதெல்லாம் கொசுக்கடி. சொறிஞ்சுட்டுப் போயிடலாம்.

நம்ம பசங்க அர்த்தத்தைத் திருப்பிப் போட்ட வார்த்தைகள் இருக்கே, அது இன்னும் சுவாரஸ்யம். 'மொக்கை' என்றால் கூர் இல்லாதது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில். அதைத் தூக்கி மொக்கைப் படம், மொக்கை ஜோக் என்று வைத்தது யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கித் தரணும். அவ்வளவு பொருத்தம்! 'சம்பவம்' என்றால் பேப்பரில் கொலை, கொள்ளை, விபத்து. இப்போது யாராவது மேடையில் நன்றாகப் பாடினால் 'தரமான சம்பவம்'. பெரியவர்கள் பயந்து போகிறார்கள், அவ்வளவுதான். பேசுகிற வாய் மாறினால் சொல்லும் மாறும். இதில் எரிச்சல்பட்டு பிரயோஜனம் இல்லை.

இந்த வரிசையில் இன்னொன்று 'கலாய்'. பழைய தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்க. 'கலாய்த்தல்' என்றால் சினத்தல், சண்டையிடுதல் என்று இருக்கும். 'கலாம்' என்றால் போர், பகை. நேரெதிரே நின்று மோதிக்கொண்ட ஒரு வார்த்தை, நம்ம கையில் வந்து ஜாலியான கிண்டல் ஆகிவிட்டது. இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். அர்த்தம் மாறியது யாருக்கு? கலாய்க்கிறவருக்கு மாறிவிட்டது, சரி. கலாய்க்கப்படுகிறவருக்கு? பத்து பேர் சுற்றி நின்று ஒருத்தனுடைய கருப்பையும், குள்ளத்தையும், திக்குவாயையும், இங்கிலீஷையும் வைத்து அரை மணி நேரம் 'ஓட்டும்' போது, நடுவில் நிற்கிறவன் பழைய அகராதியில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். சிரிக்கிறானே என்கிறீர்களா? சிரிக்காமல் இருந்தால் 'ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கத் தெரியல' என்று இன்னொரு ரவுண்டு வரும். அதுக்குப் பயந்த சிரிப்பு அது.

முகம் மாறியது தெரிந்துவிட்டால் உடனே வரும் பாருங்க, இந்த வாரக் கதாநாயகன்... "சும்மாதான் மச்சி!"

தமிழில் இவ்வளவு வேலை செய்யும் இன்னொரு சொல் இருக்கிறதா தெரியவில்லை. சும்மா வந்தேன் (காரணம் இல்லாமல்). சும்மா கிடைச்சுது (இலவசமாக). சும்மா இருக்கான் (வேலை இல்லாமல்). சும்மா சும்மா போன் பண்றான் (அடிக்கடி). சும்மா சொல்லக்கூடாது, படம் நல்லா இருக்கு (பொய்யாக). சும்மா அதிரணும் (இதுக்கு அர்த்தம் சொல்ல முடியாது, அதிரணும், அவ்வளவுதான்). தாயுமானவர் முதல் ரமணர் வரைக்கும் 'சும்மா இருப்பது' ஞானத்தின் உச்சி. ஏழாம் வகுப்பு வாத்தியாருக்கு 'சும்மா இரு' என்றால் வாயை மூடு. இப்படி ஒரு சொல் வேறு எங்கே கிடைக்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை இது. அதனால்தான் 'சும்மாதான் மச்சி'யில் அது மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அந்த 'சும்மா' என்ன செய்கிறது என்று கவனியுங்கள். செய்தது நான், வலித்தது உனக்கு. ஆனால் அது வலியா இல்லையா என்று முடிவு செய்வதும் நானே! ஸாரி என்றால் அதில் 'நான் செய்தேன்' என்ற ஒப்புதலாவது இருக்கும். 'சும்மாதான்' என்றால் நடந்ததே நடக்கவில்லை. இனிமேல் நீ வருத்தப்பட்டால் தப்பு உன்னுடையது. ஒரே வார்த்தையில் கேஸ் தள்ளுபடி.

காலேஜ் வாசலில் இதே வேலையைச் செய்கிற ஒரு சொல் ரொம்ப நாளாக நிற்கிறது. 'இன்ட்ரோ'. ஃபர்ஸ்ட் இயர் பையனை ஹாஸ்டல் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரை நிற்க வைத்தால் அதற்குப் பெயர் 'இன்ட்ரோ'. 'சும்மா பழகறதுக்கு.' 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர் பொன் நாவரசு காணாமல் போனார். கொலை செய்யப்பட்டு, உடல் துண்டாக்கப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது. சீனியர் மாணவர் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் 2001ல் விடுவிக்க, உச்ச நீதிமன்றம் 2011ல் தண்டனையை மறுபடி உறுதி செய்தது. அந்தக் கொலைக்குப் பின்னால்தான் 1997ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்றைக்கு லா படிக்கிற, மெடிசின் படிக்கிற பல பேர் அப்போது பிறக்கக்கூட இல்லை. அந்தப் பெயர் தெரியாமல் இருப்பது உங்கள் குற்றமில்லை. தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

'நாங்க அடிக்கல சார், பேசத்தான் செஞ்சோம்' என்பவர்களுக்கு ஒரு தகவல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளில், பேச்சாலோ எழுத்தாலோ ஒரு மாணவரைக் கேலி செய்வதும், முரட்டுத்தனமாக நடத்துவதும்கூட ராகிங்தான். 2016ல் அதில் இன்னொரு பகுதியைச் சேர்த்தார்கள். நிறம், சாதி, மதம், பாலினம், தோற்றம், ஊர், பேசும் மொழி, வீட்டுப் பொருளாதாரம்... இவற்றை வைத்துச் சீண்டினாலும் ராகிங். 'கலாய்' லிஸ்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்தும். இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பத்திரிகைகள் 'பகடிவதை' என்று எழுதுகின்றன. எவ்வளவு நேர்மையான வார்த்தை! செய்கிறவருக்குப் பகடி, படுகிறவருக்கு வதை. இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நாம் இன்னும் 'இன்ட்ரோ'விலேயே நிற்கிறோம்.

ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து பஸ் ஏறினால் அங்கே ஒரு வார்த்தை காத்திருக்கும். 'சில்மிஷம்'. 'ஓடும் பஸ்ஸில் மாணவியிடம் சில்மிஷம்' என்ற தலைப்பைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. வெண்ணெய் திருடின கிருஷ்ணன் செய்ததும் சில்மிஷம், கூட்ட நெரிசலில் ஒருத்தன் கை வைத்ததும் சில்மிஷமா? கொஞ்சம் மரியாதையான பேப்பர் என்றால் 'சீண்டல்'. பூனை வாலைப் பிடித்து இழுப்பது சீண்டல். அந்தப் பெண் அடுத்த மாதம் முழுக்க வேறு பஸ்ஸில், அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிப் போகிறாளே, அது எப்படிங்க சீண்டல் ஆகும்?

இவை எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் ஒருவர் இருக்கிறார். 'ஈவ் டீசிங்'. இங்கிலீஷ் மாதிரி இருக்கும், ஆனால் இந்தியாவும் அக்கம்பக்கத்து நாடுகளும் வளர்த்த வார்த்தை. வெள்ளைக்காரரிடம் சொன்னால் முழிப்பார். இதைத் தமிழில் அப்படியே சொல்லிப் பாருங்களேன்... 'ஏவாள் கிண்டல்'! சிரிப்பு வருதில்ல? விவிலியத்தில் பழத்தைப் பறித்து ஆதாமுக்குக் கொடுத்த ஏவாள். ஆக, ரோட்டில் நடந்து போகிற பெண்ணுக்கு 'ஆசை காட்டியவள்' என்று முன்பாதியில் ஒரு குற்றச்சாட்டு. பின்பாதியில் நம்ம ஆளு செய்தது வெறும் 'டீசிங்', விளையாட்டு. இரண்டே சொல்லில் குற்றத்தைக் கைமாற்றிவிட்ட திறமையைப் பாருங்கள்.

1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்த இளைஞர்கள் 'விளையாடினார்கள்'. கீழே விழுந்து தலையில் அடிபட்ட அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். ஊரே கொதித்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்கைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஒரு உயிர் போன பிறகும், சட்டத்தின் பெயரிலேயே 'டீசிங்'! நாலு வருஷம் கழித்து, 2002ல், அந்தப் பெயரை மாற்றினார்கள். 'ஈவ் டீசிங்' போய் 'ஹராஸ்மென்ட்', அதாவது பெண்ணைத் துன்புறுத்துதல், என்று வந்தது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்பிலும் மனுவிலும் எந்தெந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும், அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று ஒரு பட்டியல். அதில் 'ஈவ் டீசிங்' வேண்டாம், 'தெருவில் நடக்கும் பாலியல் தொல்லை' என்றே எழுதுங்கள் என்று இருக்கிறது. நீதிமன்றமே விட்டுவிட்டது. ஸ்பீக்கர் வைத்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறவர்கள் மட்டும் இன்னும் 'ஈவ் டீசிங் விழிப்புணர்வு' என்றே பேனர் அடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே, நான் படித்தவுடன் பேப்பரை மடித்து வைத்துவிடுகிற வார்த்தை ஒன்று இருக்கிறது. 'ஒருதலைக் காதல்'.

'ஒருதலைக் காதல்: மாணவிக்குக் கத்திக்குத்து.' 'ஒருதலைக் காதலால் விபரீதம்.' 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், வேலைக்குக் கிளம்பிய ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிவிடப்பட்டு இறந்தார். இந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் டீக்கடையிலிருந்து டி.வி. வரை எல்லோர் வாயிலும் முதலில் வருகிற வார்த்தை, காதல். அரிவாளைக் கையில் எடுத்தவனுக்கு நாம் கொடுக்கிற பட்டம், காதலன். அடுத்த நிமிஷமே கேள்வி எங்கே போகும் தெரியுமா? 'அந்தப் பொண்ணு முதல்ல பேசியிருக்குமோ?' காதல் என்று சொல்லிவிட்டோம் இல்லையா, காதல் என்றால் இரண்டு பேர் வேண்டுமே, அதனால் இறந்தவளிடமும் கணக்குக் கேட்கிறோம்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது ஞாபகம் வந்திருக்கும். ஒருதலைக் காதலுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. கைக்கிளை. தொல்காப்பியர் அகத்திணைகளை ஏழாகச் சொல்கிறார். கைக்கிளை முதலில், பொருந்தாக் காமமான பெருந்திணை கடைசியில். நடுவில் இருக்கும் குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் மட்டும்தான் அன்பின் ஐந்திணை. அதாவது அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராத ஆசையை 'அன்பு' என்ற கட்டத்துக்குள் அவர் உட்கார வைக்கவே இல்லை. ஓரத்தில் ஒரு இடம் கொடுத்தார். அந்தக் கைக்கிளையிலும் தனியாகப் பேசிப் புலம்புகிறவன்தான் உண்டு, பஸ் ஸ்டாப்பில் பிளேடோடு நிற்கிறவன் கிடையாது. நாம் என்னடா என்றால் கொலையைக் கொண்டுபோய்க் காதல் கணக்கில் எழுதுகிறோம். இதை எழுதினால் 'சார், எல்லா ஒன்சைடு லவ்வரும் கொலைகாரனா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு கவிதை எழுதிக் கிழித்துப் போடுகிற லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் தொல்காப்பியர் கொடுத்த இடத்தில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கொலை செய்தவனுக்கும் அதே பெயரைக் கொடுத்தால் முதலில் கோபப்பட வேண்டியதே அவர்கள்தான்.

அவனுக்கும் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போவது, திரும்பத் திரும்பப் பேச முயற்சி செய்வது, அவளுடைய இன்டர்நெட் நடமாட்டத்தை நோட்டம் விடுவது... இது 2013லிருந்தே நாடு முழுக்கக் குற்றம். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78வது பிரிவு. முதல் தடவை என்றால் 3 வருஷம் வரை, மறுபடி செய்தால் 5 வருஷம் வரை சிறை. நம்ம கேம்பஸ் பாஷையில் இதற்கு 'ஃபாலோ பண்றேன்', 'ரூட் விடறேன்' என்று பேர். சினிமாவில் இதற்கு ஒரு பாட்டு, நடுவில் அவள் முறைக்கிறாள், கடைசி சரணத்தில் சிரித்துவிடுகிறாள். தியேட்டரில் நமக்குத் தெரியும் அவள் சிரிப்பாள் என்று, ஏனென்றால் சம்பளம் வாங்கியிருக்கிறாள்! பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவள் அந்த ஸ்கிரிப்ட்டைப் படிக்கவில்லை.

இன்னொரு கேம்பஸ் வார்த்தை. 'கோட்டா'. "அவன் கோட்டால வந்தவன்டா." மெதுவாகத்தான் சொல்வார்கள், ஆனால் காதில் விழுகிற மாதிரி மெதுவாக. கணக்கைப் பார்ப்போமா? தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுப் போட்டி 31தான். அப்படியென்றால் கிளாஸில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கோட்டாதான். ஆனால் அந்த வார்த்தை 19 சதவீதத்தின் முதுகில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிறதே, எப்படி? அப்பா பெட்டியோடு வந்து வாங்கின சீட்டுக்கும் 'மேனேஜ்மென்ட் கோட்டா' என்றுதான் பெயர். அவனை யாரும் 'கோட்டா பையன்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அவன் 'வசதியான பையன்'. வார்த்தை ஒன்றுதான், ஆளைப் பார்த்து எடை மாறுகிறது. 'காலனி'யும் இப்படித்தான். பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்றால் கௌரவமான விலாசம். கிராமத்தில் வெறும் 'காலனி' என்றால் அந்த ஒரு சொல்லிலேயே சாதி கேட்டு, பதிலும் வாங்கியாகிவிட்டது. 2025 ஏப்ரலில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், வசைச்சொல்லாக மாறிவிட்ட 'காலனி' அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆவணத்தில் மாறும். 'ஊர்ல எந்தப் பக்கம் நீங்க?' என்று ஹாஸ்டலில் சிரித்துக்கொண்டே கேட்கிறார்களே, அதை எந்த ஜி.ஓ. போட்டு மாற்றுவது?

'பேர்ல என்ன சார் இருக்கு, வார்த்தையை மாத்தினா எல்லாம் மாறிடுமா?' என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. ஆனாலும் பல காலேஜ்களில் லிஃப்ட்டும் இல்லை, சாய்தளமும் இல்லை. சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற நண்பர்கள்தான் இருக்கிறார்கள். வார்த்தை மட்டும் மாடி ஏறாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'திருநங்கை' என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கு முன்னால் நாம் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று உங்களுக்கே தெரியும், ஒரு எண்கூட உண்டு, அதை இங்கே அச்சில் போடப் போவதில்லை. 2008ல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது, அந்தச் சொல்லும் பேப்பரில், மேடையில், பாடப்புத்தகத்தில் நடமாட ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு திருநங்கை காலேஜில் அட்மிஷன் கேட்டு வரும்போது, கவுன்டரில் இருப்பவர் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தடுமாற வேண்டியதில்லை. மரியாதையாக ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது. மற்றவை இன்னும் வர வேண்டும், சரி. கூப்பிடவே வார்த்தை இல்லாவிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வார்த்தை எங்கே நிஜமாகவே காசாகிறது தெரியுமா? புகார் எழுதும்போது. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். உறுப்பினர்கள் யார் என்று போர்டில் ஒட்டியிருக்க வேண்டும். (உங்க காலேஜ்ல எங்க ஒட்டியிருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. கேன்டீனுக்குப் போற வழியில இருந்தா அது நல்ல காலேஜ்.) சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் எந்நேரமும் இருக்கிறது.

அந்தப் பேப்பரை எடுத்து உட்காரும் பெண் பெரும்பாலும் என்ன எழுதுவாள்? அவளுக்கும் பழகின வார்த்தைகள் இவைதானே. 'அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்.' 'ஒரு சீனியர் ஈவ் டீசிங் செய்கிறார்.' படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தவறாக என்றால் என்ன? பேச்சா, கையா, போனா? ஒரு தடவையா, ஒரு மாதமா? எதிர்த் தரப்பு வந்து 'சும்மா கலாய்ச்சேன் சார், ஃப்ரெண்ட்ஸுக்குள்ள' என்று சொன்னவுடன் எடை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

உங்க ஃப்ரெண்ட் யாராவது அப்படி ஒரு பேப்பரோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். 'தவறாக'வை அடியுங்கள். 'டீசிங்'கை அடியுங்கள். தேதி கேளுங்கள், இடம் கேளுங்கள். யார் பார்த்தார்கள், என்ன வார்த்தை சொன்னான், எத்தனை மணிக்கு மெசேஜ் வந்தது, ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா என்று கேளுங்கள். அவள் தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். கடைசியில் அந்தப் பேப்பர் இப்படி இருக்கும்: 'ஜூலை 8, 10, 11 தேதிகளில் மாலை 4.20க்கு லைப்ரரி படிக்கட்டில் வழியை மறித்து நின்றார். வேண்டாம் என்று மூன்று முறையும் சொன்னேன். 11ஆம் தேதி என் கையைப் பிடித்து இழுத்தார். அன்று இரவு 11.40க்கு மேல் 14 முறை போன் செய்தார்.'

இதற்கு நடுவில் எங்கே போய் 'சும்மாதான் மச்சி'யைச் செருகுவான் என்று பார்ப்போம்.